வீட்டு இணையச் சேவையை மாற்றும்போது புதிய வயரிங் தேவைப்படுமா? கோலாலம்பூர் வீடுகளுக்கான வழிகாட்டி

கோலாலம்பூரில் இணையச் சேவை விற்பவர் பேரங்காடியின் நடுவே மேசை போட்டிருந்தாலும், அடுக்குமாடியின் மின்தூக்கி வாசலில் துண்டுப் பிரசுரத்தோடு நின்றாலும், வீட்டுக்காரர் அவரிடம் கேட்கும் முதல் கேள்வி சுவரைத் துளைக்க வேண்டியிருக்குமா என்பதுதான். "அதெல்லாம் ஒன்றும் வேண்டாம், எல்லாம் இலவசம்" என்பது வழக்கமான பதில். சில வீடுகளில் அந்தப் பதில் உண்மையாகவே இருக்கும். அடுத்த புளோக்கிலேயே அது பொய்த்துப் போகும். உங்கள் வீட்டுச் சுவர்வரை வந்திருக்கும் ஒளியிழை யாருடையது, நீங்கள் மாறப்போகும் நிறுவனம் அதே இழையில் சேவை தருமா, அல்லது தனக்கென்று வேறோர் இழையை இழுத்து வருமா என்பதுதான் இதைத் தீர்மானிக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் மாதக் கட்டணத்தையும் வேகத்தையும் மட்டும் ஒப்பிடுவதில் பயனில்லை.

முதல் படி: இழையின் உரிமையாளரைக் கண்டறிதல்

பில்லில் அச்சிட்டிருக்கும் பெயரும், தெருக் கம்பத்தில் ஓடும் இழையின் உரிமையாளரும் ஒருவராகவே இருக்க வேண்டிய அவசியமில்லை. டெலிகோம் மலேசியா, அதாவது டி.எம்., 2008ஆம் ஆண்டு அரசாங்கத்துடன் செய்துகொண்ட அதிவேக அகண்ட அலைவரிசை ஒப்பந்தத்தின்படி நகரப் பகுதிகளில் இழைகளைப் பதித்து, 2010 மார்ச்சில் யூனிஃபை சேவையைத் தொடங்கியது. அதே வலையமைப்பை மற்ற நிறுவனங்களும் மொத்த விலைக்கு எடுத்துத் தங்கள் பெயரில் விற்கலாம் என்பதால், மேக்சிஸ், செல்கோம்டிஜி போன்றவற்றின் வீட்டு இணையம் பல இடங்களில் டி.எம். இழையிலேயே வருகிறது. மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் 2018இல் அந்த மொத்த விலைகளுக்கு வரம்பு விதித்த பிறகுதான் வீட்டு இணையக் கட்டணங்கள் குறிப்பிடத்தக்க அளவுக்கு இறங்கின. நிறுவனம் மாறுவது பலருக்கும் யோசிக்கத்தக்க ஒன்றாக ஆனதும் ஏறத்தாழ அப்போதுதான்.

டைம் நிறுவனத்தின் வழி வேறு. அது பெரும்பாலும் கொண்டோமினியம் போன்ற உயர்மாடிக் கட்டடங்களில் தன் சொந்த இழையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறது. மின்சார நிறுவனமான தெனாகா நேஷனல் தொடங்கிய அல்லோ சில பகுதிகளில் மூன்றாவதாக ஓர் இழை வலையமைப்பை நடத்தி, அதையும் மற்ற நிறுவனங்களுக்கு மொத்தமாக விற்கிறது. ஆகவே ஒரே நிறுவனம் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒருவருடைய இழையிலும் வேறொரு தாமானில் இன்னொருவருடைய இழையிலும் சேவை தருவது உண்டு. விற்பனையாளரிடம், "எங்கள் முகவரிக்கு நீங்கள் யாருடைய இழையில் சேவை தருகிறீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் அலுவலகத்தில் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். தடுமாறாமல் பதில் சொல்பவரே உங்கள் வீட்டு வேலையைப் பற்றி ஓரளவு அறிந்தவர்.

இரண்டாம் படி: வீட்டில் இப்போது இருப்பதைப் பார்த்தல்

வரவேற்பறையில் ரூட்டர் இருக்கும் மூலைக்குச் சென்று அதன் பின்புறத்தைப் பாருங்கள். சுவரில் உள்ளங்கை அளவுள்ள ஒரு வெள்ளைப் பெட்டியும், அதிலிருந்து மெல்லிய இழையொன்று பச்சை நிறத் தலையோடு இன்னொரு சிறிய கருவியில் நுழைவதும் தெரிந்தால், உங்கள் வீட்டுக்குள்ளேயே ஒளியிழை வந்திருக்கிறது என்று பொருள். அந்தச் சிறிய கருவியை டி.எம். வழக்கில் பி.டி.யூ. என்பார்கள், மற்றவர்கள் ஓ.என்.டி. அல்லது மோடம் என்பார்கள். ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றுவது அது; வைஃபை தருவது அதற்கு அடுத்துள்ள ரூட்டர். சில நிறுவனங்கள் இரண்டையும் ஒரே பெட்டியில் அடக்கிவிடுகின்றன.

மாறாக, சுவரிலிருந்து மோடத்துக்கு வருவது பழைய தொலைபேசியில் செருகும் சிறிய பிளக்குடன் கூடிய கம்பி என்றால், வீட்டுக்குள் வருவது செம்புக் கம்பிதான். செந்தூல், செராஸ், பிரிக்ஃபீல்ட்ஸ் போன்ற பழைய பகுதிகளின் அடுக்குமாடிகளில் கட்டடத்தின் கீழ்த்தளம்வரை மட்டும் ஒளியிழையைக் கொண்டுவந்து, அங்கிருந்து மாடிக்கு ஏற்கெனவே இருந்த தொலைபேசிக் கம்பியிலேயே இணையத்தை அனுப்பும் வி.டி.எஸ்.எல். முறை சில இடங்களில் இருக்கலாம். கம்பி நீளமாக ஆக வேகம் குறையும் என்பது அதன் குறைபாடு. பில்லில் ஃபைபர் என்று எழுதியிருப்பதை வைத்து முடிவு செய்யாமல் பிளக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சுவர்ப் பெட்டியையும் அதைச் சுற்றியுள்ள மின் சாக்கெட்டுகளையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பி.டி.யூ.வுக்கும் ரூட்டருக்கும் தனித்தனியே மின்சாரம் தேவை. தொலைக்காட்சிப் பெட்டியும் சேர்ந்தால் மூன்று சாக்கெட்டுகள் வேண்டும். வயரிங் பிரச்சினை என்று சொல்லப்படுபவற்றில் கணிசமானவை, உண்மையில் ரூட்டர் வைக்கும் இடத்தில் சாக்கெட் இல்லாத பிரச்சினைதான்.

மூன்றாம் படி: புதிய இழை தேவையா என்று முடிவு செய்தல்

பழைய நிறுவனமும் புதிய நிறுவனமும் ஒரே வலையமைப்பைப் பயன்படுத்தினால், எடுத்துக்காட்டாக டி.எம். இழையில் வரும் யூனிஃபையிலிருந்து அதே இழையில் வரும் மேக்சிஸுக்கு மாறினால், சுவர்ப் பெட்டியும் கம்பத்திலிருந்து வரும் இழையும் பொதுவாக அப்படியே இருக்கும். பி.டி.யூ.வை மாற்றலாம், அல்லது அதன் வரிசை எண்ணைப் புதிய கணக்கில் பதிவு செய்யலாம். ரூட்டர் பொதுவாக மாறும். துளைக்கும் வேலை இல்லை. ஆனால் வேகம் திடீரென்று பெருகும் என்ற எதிர்பார்ப்பும் வேண்டாம். தெருவில் இழை அடிக்கடி அறுபடுவதுதான் உங்கள் குறை என்றால், பெயர் மாறிய பிறகும் அறுபடப்போவது அதே இழைதான்.

வலையமைப்பே மாறுகிறதென்றால், அதாவது டி.எம். இழையிலிருந்து டைமுக்கோ அல்லோவுக்கோ போவதென்றால், கட்டடத்தின் விநியோகப் பெட்டியிலிருந்து அல்லது தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு இன்னோர் இழை வந்தே ஆக வேண்டும். முன்பு குடியிருந்தவர் அதே நிறுவனத்தின் சேவையை வைத்திருந்து, இழையை வெட்டாமல் விட்டுச் சென்றிருந்தால் மட்டுமே விதிவிலக்கு. வாடகை வீட்டுக்குப் புதிதாகக் குடிபுகுவோர் சுவரோரங்களையும் நுழைவாயிலுக்கு மேலுள்ள மூலையையும் ஒருமுறை நன்றாகத் தேடிப் பார்ப்பது நல்லது. செம்பிலிருந்து ஒளியிழைக்கு மாறுவோருக்குப் புதிய இழை தவிர்க்க முடியாதது. இழையே எட்டாத இடங்களுக்கு 5ஜி வழியாக வரும் கம்பியில்லா வீட்டு இணையம் உண்டு. அதற்கு வயரிங் தேவையில்லை. ஆனால் அதன் வேகம் சன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும், மாலை நேரத்தில் அக்கம்பக்கத்தார் எத்தனை பேர் அதே கோபுரத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் பொறுத்து ஏறி இறங்கும்.

நான்காம் படி: இழை வரும் வழியைச் சரிபார்த்தல்

அதிகமான தாமதமும் வாக்குவாதமும் நேர்வது இந்தக் கட்டத்தில்தான்.

அடுக்குமாடியில் ஒவ்வொரு தளத்திலும் ரைசர் எனப்படும் சிறிய அறையோ அலமாரியோ இருக்கும். செங்குத்தாக மேலேறும் இழைகள் அங்கே பிரிந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போகின்றன. ரைசருக்கும் உங்கள் வீட்டுக்கும் இடையே சுவருக்குள் புதைத்த குழாய் ஒன்று இருக்க வேண்டும். புதிய கட்டடங்களில் அது இருக்கும், வேலையும் செய்யும். பழைய கட்டடங்களில் குழாய்க்குள் சிமெண்டு இறுகியிருக்கலாம், அல்லது பழைய தொலைபேசிக் கம்பிகளால் அது நிரம்பியிருக்கலாம். டெக்னீஷியன் நெகிழ்வான நைலான் கம்பியை உள்ளே செலுத்திப் பார்ப்பார். அது பாதியில் முட்டி நின்றால், தாழ்வாரத்தின் கூரையோரமாக இழையைக் கொண்டுவந்து உங்கள் கதவுக்கு மேலே சிறு துளையிட்டு நுழைப்பதுதான் அடுத்த வழி. அதற்கு நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். பொதுச் சுவரும் தாழ்வாரமும் 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்கீழ் பொதுச் சொத்து. கூட்டு நிர்வாகக் குழுவோ நிர்வாகக் கழகமோ சம்மதிக்காமல் அதில் யாரும் துளையிட முடியாது. ஆகவே பதிவு செய்வதற்கு முன்பே நிர்வாக அலுவலகத்துக்குச் சென்று மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: எந்தெந்த நிறுவனங்களின் இழை கட்டடத்துக்குள் வந்திருக்கிறது, வேலை செய்ய எந்த நாட்களில் எந்த நேரத்தில் அனுமதி உண்டு, முன்பணமோ அனுமதிப் படிவமோ தேவையா. சனிக்கிழமை பிற்பகலில் டெக்னீஷியன் கீழே வந்து நிற்க, ரைசர் சாவியை வைத்திருப்பவர் மதியமே வீட்டுக்குப் போய்விட்டார் என்ற கதை இந்நகரத்தில் புதிதன்று.

வரிசை வீடுகளில் வேறு விதமான சிக்கல். பழைய தாமான்களில் இழை கம்பத்திலிருந்து காற்றில் தொங்கி வந்து, கூரையோரப் பலகையில் பிடிப்பிட்டு, சுவர் வழியாக இறங்கி வரவேற்பறைக்குள் நுழையும்; இதில் பெரிய தொல்லை இல்லை. நிலத்தடிக் குழாய் உள்ள புதிய தாமான்களில், வாசற்கதவுக்கு அருகே தரையில் ஒரு சிறு மூடி இருக்கும். கார் நிறுத்தும் இடத்தைப் பெரிதாக்கி டைல்ஸ் ஒட்டியபோது அந்த மூடியையும் சேர்த்துப் புதைத்துவிட்ட வீடுகள் ஏராளம். பக்கத்து வீட்டின் மூடி எங்கே இருக்கிறது என்று பார்த்தால், உங்களுடையது ஏறத்தாழ எந்த இடத்தில் புதைந்திருக்கிறது என்று கணிக்கலாம். தரையை உடைக்க மனமில்லாதவர்கள் வெளிச்சுவரோரமாகப் பி.வி.சி. குழாயில் இழையைக் கொண்டுவர முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். கூரைக்குள் இழை ஓடுவதானால் அதையும் குழாய்க்குள்ளேயே விடச் சொல்லுங்கள். எலிக்குச் செம்பும் கண்ணாடியும் ஒன்றுதான்.

நிறுவனங்கள் இலவசம் என்று சொல்வது பொதுவாக ஒரு குறிப்பிட்ட நீளம்வரையிலான சாதாரண வேலையை மட்டும்தான். அதற்கு மேற்பட்ட நீளத்துக்கும், சுவருக்குள் மறைத்துச் செய்யும் வேலைக்கும், புதிய குழாய்க்கும் கட்டணம் உண்டு. அந்த வரம்பு எத்தனை மீட்டர் என்பதைப் பதிவுப் படிவத்திலேயே தேடிப் படியுங்கள். வாடகைக்குக் குடியிருப்பவர்கள், துளையிட வீட்டு உரிமையாளர் சம்மதிக்கிறார் என்பதற்கு ஒரு வாட்ஸ்அப் செய்தியையாவது வைத்திருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: பழைய ஒப்பந்தத்தைப் படித்தல்

வீட்டு இணைய ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 24 மாத காலத்துக்கானவை. முதலில் சேர்ந்த தேதியைக் கணக்கிட்டு, காலம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இடையில் வேகத்தை உயர்த்தியிருந்தாலோ, புதிய ரூட்டரையோ தொலைக்காட்சித் தொகுப்பையோ ஏற்றிருந்தாலோ, ஒப்பந்தம் அந்த நாளிலிருந்து மீண்டும் தொடங்கியிருக்கக்கூடும். ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது, இன்று முறித்தால் எவ்வளவு செலுத்த வேண்டும், எத்தனை நாட்களுக்கு முன் அறிவிக்க வேண்டும், எந்தெந்தக் கருவிகளைத் திருப்பித் தர வேண்டும் ஆகிய நான்கையும் வாடிக்கையாளர் சேவையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னதற்குப் பின்னாளில் சாட்சி இருக்காது.

வீட்டுத் தொலைபேசி எண் தனியாக யோசிக்க வேண்டிய விஷயம். கைப்பேசி எண்ணை மாற்றாமலேயே நிறுவனம் மாறும் வசதி 2008இல் வந்துவிட்டது. வீட்டு எண்ணும் அதேபோல் கூடவே வரும் என்று எண்ணிக்கொண்டு சேவையை ரத்து செய்துவிடாதீர்கள். வயதான பெற்றோரின் எண்ணாகவோ, கோயில் சங்கத்தின் கடிதத்தாளில் அச்சிட்ட எண்ணாகவோ அது இருந்தால், என்ன செய்யலாம் என்று முதலிலேயே கேளுங்கள். ஒளியிழையில் வரும் தொலைபேசி, மின்சாரம் தடைப்பட்டால் பேசாது என்பதையும் பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள். பழைய செம்புக் கம்பித் தொலைபேசி அப்படியன்று. பழைய நிறுவனம் கொடுத்த மின்னஞ்சல் முகவரியை வங்கிக்கோ வருமான வரிக்கோ கொடுத்திருந்தால், அதையும் முன்பே மாற்றிவிடுங்கள்.

ஆறாம் படி: எதை முதலில் செய்வது

வலையமைப்பு வேறாக இருந்தால் வரிசை எளிது: புதியதைப் பொருத்தி, சில நாட்கள் பயன்படுத்திப் பார்த்து, பிறகு பழையதை ரத்து செய்யுங்கள். சில நாட்களுக்கு இரட்டைக் கட்டணம் கட்டுவது, வீட்டிலிருந்து வேலை செய்பவர் ஒரு வாரம் இணையமின்றித் தவிப்பதைவிட மலிவு.

ஒரே வலையமைப்பாக இருந்தால் இந்த அறிவுரை எப்போதும் நடைமுறைக்கு ஒத்துவராது. தெருப் பெட்டியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு போர்ட், அதாவது இழையைச் செருகும் இணைப்பிடம், தேவை. காலியான போர்ட் இருந்தால் இரண்டாவது இழையை இழுத்து, புதிய சேவையைத் தனியாகத் தொடங்க முடியும். இல்லையென்றால் "போர்ட் பெனு" (போர்ட் நிறைந்துவிட்டது) என்று டெக்னீஷியன் கையை விரித்துவிடுவார். அப்போது பழைய சேவையை மூடி, அது விடுவிக்கும் போர்ட்டையே புதியதற்குப் பயன்படுத்த வேண்டும். எனவே அதே வலையமைப்பில் மாறுவோர், போர்ட் நிலையைச் சரிபார்த்துச் சொல்லுமாறு புதிய நிறுவனத்திடம் கேட்டுவிட்டு, ரத்து செய்யும் தேதியையும் பொருத்தும் தேதியையும் அடுத்தடுத்த நாட்களில் அமைத்துக்கொள்ள வேண்டும். இடையில் கைப்பேசியின் டேட்டாவை வைத்துச் சமாளிக்கலாம். ரத்து செய்த பிறகு அந்தப் போர்ட் வேறொருவருக்குப் போய்விடும் வாய்ப்பும் இருப்பதால், இடைவெளி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

ஏழாம் படி: பொருத்தும் நாள்

டெக்னீஷியன் வருவதற்கு முன் ரூட்டர் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிடுங்கள். அவருக்கு வசதியான இடம் வாசலுக்குப் பக்கத்து மூலை. உங்களுக்குத் தேவையான இடம் வீட்டின் நடுப்பகுதி. இழை மெல்லியது என்பதால் சுவரோரமாக இன்னும் பத்து மீட்டர் கொண்டுபோவது பெரிய வேலையன்று, ஆனால் கேட்டால்தான் நடக்கும். இழையைக் கூர்மையாக மடிக்கவோ மேசைக் காலின் கீழ் நசுக்கவோ கூடாது; உள்ளே இருப்பது கண்ணாடி, மடிப்பில் ஒளி கசிந்துவிடும். எஞ்சிய நீளத்தைக் கையகல வளையமாகச் சுற்றிப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

அவர் இழையின் முனையைச் சீவி, பச்சைத் தலையைப் பொருத்திய பிறகு, கையடக்கமான ஒரு கருவியில் ஒளியின் அளவைப் பார்ப்பார். அந்த எண்ணை உங்களுக்குக் காட்டச் சொல்லி எழுதி வையுங்கள். வீடுகளில் வழக்கமாகப் பயன்படும், ஜிபான் என்ற ஒளியிழை முறையைச் சேர்ந்த கருவிகள் ஏறத்தாழ மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டிபிஎம் (ஒளியின் வலிமையை அளக்கும் அலகு) வரை ஏற்றுக்கொள்ளும்; மைனஸ் எண் பெரிதாக ஆக ஒளி குறைவு. மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. மைனஸ் 26 என்றால் இன்று விளக்கு எரியும், ஆனால் எங்கேயாவது சிறிது ஒளி குறைந்தாலும் நாளை அணையலாம். அன்றே முனையை மீண்டும் செய்யச் சொல்வது உங்கள் உரிமை. பின்னாளில் பி.டி.யூ.வில் லாஸ் என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளி வரவில்லை என்று பொருள். ரூட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை, நேரே புகார் கொடுக்க வேண்டும்.

புதிய இழை வந்தாலும் பழைய இழையைப் பிடுங்க வேண்டாம். சுருட்டி மூடி வைத்தால், அடுத்த முறை மாறும்போது உதவும். குழாய் நெரிசலால் பழைய கம்பியை எடுத்தே ஆக வேண்டுமென்றால், அதன் வாலில் ஒரு நைலான் நூலைக் கட்டி இழுக்கச் சொல்லுங்கள்; நூல் குழாயிலேயே தங்கிவிடும்.

எட்டாம் படி: வீட்டுக்குள் ஓடும் வயரிங்

இழை சுவர்வரைதான். அதற்குப் பிறகு அறைகளுக்கு இணையம் போவது வைஃபையிலோ லேன் கம்பியிலோ என்பதால், இது நிறுவனம் மாறுவதோடு தொடர்பில்லாத தனிக் கேள்வி. செங்கல், கான்கிரீட் சுவர்களைக் கொண்ட நம் வீடுகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இரண்டு சுவர்களைத் தாண்டினாலே சோர்ந்துவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் தாண்டும், ஆனால் வேகம் குறைவு. மாடி அறையில் இணையம் மெதுவாக இருக்கிறது என்பதற்காக நிறுவனத்தை மாற்றுவது, என் கருத்தில், வீண் செலவு. அந்த அறைக்கு ஒரு லேன் கம்பியை இழுத்து, அதன் முனையில், வைஃபையை அங்கிருந்தும் பரப்பும் மெஷ் ரூட்டர் ஒன்றை வைத்தால் பிரச்சினை தீரும்.

ஏற்கெனவே ஓடும் கேட்5இ வகை லேன் கம்பி 100 மீட்டர்வரை நொடிக்கு 1 கிகாபிட்டைத் தாங்கும். 500 எம்பிபிஎஸ் தொகுப்புக்காக அதைப் பிடுங்கி அடுத்த வகையான கேட்6 போட வேண்டும் என்று ஒயர்மேன் சொன்னால், காரணத்தைக் கேளுங்கள். புதிதாக இழுப்பதென்றால் கேட்6 போடுவதில் தவறில்லை. பழைய தொலைபேசிக் கம்பி மட்டும் இந்த வேலைக்கு உதவாது.

ஓர் அடையாளத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பியில் இணைத்த கணினியில் வேகச் சோதனை எப்போதும் 94, 95 என்ற எண்ணிலேயே நின்றால், இணையம் மெதுவாக இல்லை; எங்கோ ஓர் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கியிருக்கிறது. லேன் கம்பிக்குள் எட்டு மெல்லிய கம்பிகள் நான்கு ஜோடிகளாக இருக்கின்றன. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடிகள் போதும், 1 கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். சுவர் சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால், நீலமோ பழுப்போ ஒரு கம்பி அதன் இடத்திலிருந்து நழுவியிருப்பதைப் பெரும்பாலும் காணலாம். அதை மீண்டும் அழுத்திப் பொருத்த ஐந்து நிமிடம் போதும். அங்கே எல்லாம் சரியாக இருந்தால், இடையிலுள்ள பழைய சுவிட்ச் அல்லது ரூட்டரின் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகையா என்று பாருங்கள்.

சொந்த ரூட்டர் வைத்திருப்பவர்கள் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும், இணையம் வரும் தடத்தை ரூட்டருக்குச் சொல்லும் வி.லேன் எண்ணையும் கேட்டு வாங்க வேண்டும். யூனிஃபை இணையத்துக்கு அந்த எண் 500, மேக்சிஸுக்கு 621. பழைய எண்ணையே விட்டுவைத்தால் எல்லா விளக்குகளும் எரிந்தும் இணையம் வராது.

கடைசி வேலைகள்

முதல் சில மாலைகளில் எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையே, வைஃபையில் அல்லாமல் கம்பியில் இணைத்து வேகத்தைச் சோதித்துப் படம் எடுத்து வையுங்கள். வெளியிலிருந்து வீட்டு சிசிடிவியைப் பார்ப்பவர்கள் அது வேலை செய்கிறதா என்று அன்றே பாருங்கள். பல வீடுகளுக்கு ஒரே பொது இணைய முகவரியை (ஐ.பி.) பகிர்ந்தளிக்கும் சேவைகளில், ரூட்டர் அமைப்பில் ஒரு வழியைத் திறந்துவிட்டு வெளியிலிருந்து பார்க்கும் பழைய முறை நடக்காது. குறை இருந்தால் முதலில் நிறுவனத்திடம் புகார் செய்து, புகார் எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். தீராவிட்டால் தொடர்பு பல்லூடகப் பயனீட்டாளர் மன்றமான சி.எஃப்.எம்.முக்கும், அதன் பின் ஆணையத்துக்கும் இணையம் வழியாகவே எழுதலாம். எழுத்தில் வாங்கிய பதில்களும் எடுத்து வைத்த படங்களும் அங்கேதான் பயன்படும்.

பழைய கருவிகளைத் திருப்பித் தரும்போது வரிசை எண் குறித்த ரசீது இல்லாமல் முகப்பை விட்டு நகராதீர்கள். கடன் அட்டையில் தானாகக் கழியும் கட்டணத்தை, சேவையை ரத்து செய்த அன்றே நிறுத்தாமல், இறுதி பில் வந்து கணக்கு சுழியம் என்று காட்டிய பிறகு நிறுத்துங்கள். முன்பணம் கட்டியிருந்தால் அது திரும்பி வந்ததா என்பதையும் அந்த பில்லிலேயே பாருங்கள்.